செம்பட்டை முடியும் சீமை அரசியும்

சென்ற ஆடி மாதம், காற்று மைதானத்துப் புழுதியையெல்லாம் அள்ளி வந்து வகுப்பறைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஆறாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளை. இங்கிலாந்து அரசர்களைப் பற்றிய பழைய படப்புத்தகம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். முதலாம் எலிசபெத் அரசியாரின் படம் வந்தது. பொன்னாடை, கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் காலர், தலையெல்லாம் முத்து. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஐய, ராணிக்குச் செம்பட்டை முடி, டீச்சர்!”

வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்குமுன் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் ஒரு சிறுமி. வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து பேருந்தில் வருபவள். அவள் தன் சடையை மெல்ல எடுத்துச் சட்டைக் காலருக்குள் விட்டுக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் முடியும் அந்த அரசியின் முடி நிறமேதான்.

செம்பட்டை என்பது நம் ஊரில் ஒரு நிறத்தின் பெயராக மட்டும் வழங்குவதில்லை. எண்ணெய் காணாத தலை, வளர்ப்பார் இல்லாத பிள்ளை, ஏழை வீடு என்பவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் இங்கொரு வேடிக்கையைக் கவனியுங்கள். வெளுத்த மேனியைத் தமிழர் “சிவப்பு” என்கிறோம். “பெண் நல்ல சிவப்பு” என்று சொல்லி முடிக்குமுன் சம்பந்தம் பேச ஆள் வந்துவிடும். அந்தச் சிவப்பே இரண்டு அங்குலம் மேலேறி முடிக்குப் போய்விட்டால் கேலி! முகத்தில் அழகாயிருப்பது தலையில் அவலட்சணம் ஆவது எப்படி?

நம் வகுப்பு சிரித்த அந்த முடிக்கு அந்த அரசியின் நாட்டில் கிடைத்த மரியாதை வேறு. ஆனால் அதுவும் தொடக்கத்திலிருந்தே கிடைத்ததன்று. இடைக்கால ஐரோப்பாவில் ஓவியர் பலர் இராப்போசனக் காட்சியைத் தீட்டும்போது யூதாசின் தலைக்குத்தான் செந்நிறத்தைப் பூசினார்கள். காட்டிக்கொடுத்தவனின் நிறம் அது. செம்முடிக்காரனை நம்பாதே என்ற எண்ணம் அங்கே வெகுகாலம் இருந்தது. பிறகு டியூடர் வமிசம் வந்தது. எட்டாம் ஹென்றி செம்முடியர். அவர் முதல் மனைவி, ஸ்பெயின் நாட்டு இளவரசி கத்தரீனும் செம்பொன் முடியாளே. அவருடைய கொள்ளுப்பாட்டி ஒருவர் ஆங்கில அரச குடும்பத்துப் பெண். ஹென்றியின் மகள் எலிசபெத் 1558-இல் அரியணை ஏறி 1603 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டார். அந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் யூதாசின் நிறம் அரசியின் நிறமாகிவிட்டது! சீமாட்டிகள் தங்கள் முடிக்குச் சாயம் ஏற்றினார்கள். முடி போதாதவர்கள் பிறர் முடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடி அதே முடிதான்; அதைச் சுமந்த தலைமீது கிரீடம் ஏறியதும் அழகு என்பதன் பொருள் மாறிவிட்டது.

அக்காலத்தில் பிலிப் ஸ்டப்ஸ் என்பவர், ஊரார் ஆடம்பரத்தைக் கண்டித்து 1583-இல் ஒரு நூல் வெளியிட்டார். கொஞ்சம் சிடுமூஞ்சி மனிதர். எதைக் கண்டாலும் பாவம் என்பார். ஆயினும் அவர் எழுதிய ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. அழகிய முடியுள்ள ஏழைப் பெண்ணைக் கண்டால் சீமாட்டிகள் விலைபேசி வாங்காமல் விடுவதில்லையாம். சிறு பிள்ளைகளாயின், மறைவிடத்துக்கு நயந்து அழைத்துப்போய் ஒரு பென்னி, இரண்டு பென்னி கொடுத்து முடியைக் கத்தரித்துவிடுவார்களாம். இதைப் படித்தபோது நம் தெருக்களில் கூவிக்கொண்டு வரும் முடி வியாபாரியே நினைவுக்கு வந்தார். சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைத்து, மாதக்கணக்கில் சேர்த்து, ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளும் அப்பத்தாக்களை நாம் பார்த்ததில்லையா? நேர்ச்சைக்காகத் திருப்பதியிலும் பழனியிலும் இறக்கப்படும் முடி ஏலம் விடப்பட்டு, கடல் கடந்தும் போகிறது. நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் மொட்டை போட்டுக்கொண்டு வருவதுண்டு. இங்கிருந்து போகும் கரிய முடி அங்கே வெளுக்கப்பட்டு, செம்பொன் சாயம் ஏற்றப்பட்டு, பொய்ம்முடியாகி மேல்நாட்டுத் தலைகளில் அமர்கிறது. அதே வேளையில் மதுரையிலும் தேனியிலும் அழகு நிலையங்களில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்துக் கரிய முடியில் செம்பட்டைக் கோடு போட்டுக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் அதற்கு “கலரிங்” என்று பெயர். இயற்கையாக வந்தால் செம்பட்டை. என்ன நியாயம் இது!

எலிசபெத் அரசியார் கதைக்கு வருவோம். 1562-இல் அவருக்குப் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தார். வயது ஏற ஏறச் சொந்த முடி உதவவில்லை. செந்நிறப் பொய்ம்முடிகளைச் சூடினார். முகத்தில் வெள்ளை ஈயச் சுண்ணம் பூசும் வழக்கம் அக்காலச் சீமாட்டிகளிடையே இருந்தது. ஈயம் நஞ்சென்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். படங்கள் விஷயத்தில் அரண்மனை கடுங்காவல் வைத்திருந்தது. தகாத முறையில் தீட்டப்பட்ட அரசியின் படங்களைத் தேடிப்பிடித்து அழிக்க 1596-இல் அரசவை ஆணையிட்டது. ஏறத்தாழ 1600-இல் தீட்டப்பட்ட “வானவில் ஓவியம்” என்ற புகழ்பெற்ற படத்தில் அரசியார் இருபது வயதுக் கன்னியாய், செம்முடியைத் தோளில் அவிழவிட்டு நிற்கிறார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழை நெருங்கிவிட்டது. உலகத்தின் பெரிய கடற்படைகளுள் ஒன்றை எதிர்த்து நின்ற அரசிக்கே, தன் சொந்தத் தலையோடு ஓர் ஓவியத்தில் நிற்கத் துணிவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி சடையைக் காலருக்குள் ஒளித்துக்கொண்டால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

இதே கதையின் மறுபக்கத்தில் இன்னோர் அரசி உண்டு: ஸ்காத்லாந்து அரசி மேரி. கத்தோலிக்க விசுவாசத்தை விடாதவர். எலிசபெத்தின் சிறையில் பல்லாண்டு கிடந்து, 1587 பிப்ரவரி 8 அன்று, நாற்பத்து நான்காம் வயதில், தலை வெட்டப்பட்டார். கையில் பாடுபட்ட சுரூபத்தோடு மேடையேறினார். வெட்டியவன் வழக்கப்படி தலையைத் தூக்கிக் காட்ட முயன்றபோது அவன் கையில் பொய்ம்முடி மட்டும் வந்தது. தலை கீழே விழுந்தது. உள்ளே கட்டையாக வெட்டப்பட்ட நரைமுடி. அங்கே நின்றிருந்தவர் எழுதி வைத்த செய்தி இது. அழகி என்று ஐரோப்பாவே பேசிய பெண்ணின் சொந்த முடியை உலகம் கண்டது அந்தக் கணத்தில்தான்.

முடியைப் பற்றி இவ்வளவு பேசினோம். முடியை மறைத்த தலையணிகளையும் சொல்ல வேண்டும். டியூடர் காலத் தொடக்கத்தில் ஆங்கிலப் பெண்டிர் அணிந்தது நம் ஓட்டு வீட்டு முகப்பைப் போல் உச்சியில் கூர்ந்து இருபுறமும் சரிந்த ஒரு கூரைத் தலையணி. ஹோல்பைன் என்ற ஜெர்மானிய ஓவியர் 1536-37 அளவில் தீட்டிய அரசி ஜேன் சீமூரின் படத்தைப் பாருங்கள். ஒரு மயிரிழைகூட வெளியே தெரியாது. ஜேனுக்கு முன்பிருந்த அரசி ஆன் போலின் பிரெஞ்சுத் தலையணியை விரும்பியவர். அது பிறைபோல் வளைந்து, பின்தள்ளி அமர்ந்து, முன்வகிட்டைக் காட்டும். அந்த ஆன் 1536-இல் கொலைக்களம் போனார். மறு ஆண்டு ஜேன் அரசியிடம் பணிக்குச் சேர்ந்த ஆன் பாசட் என்ற இளம்பெண்ணுக்கு, பிரெஞ்சுத் தலையணி ஆகாது, வெல்வெட்டில் ஆங்கிலத் தலையணியே வேண்டும் என்று உத்தரவு வந்தது. அது அவளுக்கு எடுப்பாக இல்லை என்று அக்குடும்பத்தின் காரியக்காரர் வருத்தப்பட்டு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இரட்டைச் சடையை மடித்துக் கட்டி ரிப்பன் வைக்கச் சொல்லி நம்மோடு தினமும் போராடும் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு இது ஆறுதலாயிருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. ரிப்பன் பேன் பரவாமலிருக்கவும், எல்லோரும் ஒன்றுபோல் இருக்கவும். அந்தத் தலையணியோ எந்த அரசியின் கட்சி நீ என்று காட்டுவதற்கு.

நம் சிஸ்டர்களின் முக்காடுகூட இந்த வமிசத்துப் பங்காளிதான். இடைக்கால ஐரோப்பாவில் மணமான பெண்களும் கைம்பெண்களும் தலையையும் கழுத்தையும் துணியால் மூடினர். உலகத்தார் காலத்துக்கேற்ப அதைக் கூரையாகவும் பிறையாகவும் மாற்றிக்கொண்டு போனார்கள். கன்னியர் மடங்கள் அந்த எளிய துணியோடு நின்றுவிட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அதையும் எளிமையாக்கினர். இன்று நம் நாட்டுக் கன்னியரில் சேலை உடுத்துவோர் பலர்.

அந்தப் பழைய படங்களில் நமக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புனித தாமஸ் மூரின் குடும்பத்தை ஹோல்பைன் 1527 அளவில் கோட்டுச் சித்திரமாக வரைந்தார்; அது இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. அதிலும் பெண்கள் கூரைத் தலையணியோடுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையைப் பாருங்கள், புத்தகம்! மூத்த மகள் மார்கரெட் இலத்தீனும் கிரேக்கமும் கற்றவர். எராஸ்முஸ் என்ற பேரறிஞர் பரலோக மந்திரத்துக்கு எழுதிய விளக்கத்தை இளவயதிலேயே ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தந்தை 1535-இல் வேதத்துக்காகத் தலை கொடுத்தார். மார்கரெட்டின் முடி என்ன நிறம் என்று அந்தச் சித்திரத்தைப் பார்ப்பவர் யாரும் கேட்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்த அதே 1509-ஆம் ஆண்டிலேயே விசயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் பட்டத்துக்கு வந்தார். ஹோல்பைன் இலண்டனில் அரசிகளைத் தீட்டியதற்குச் சற்று முந்திய காலத்தில், இராயரும் அவர் தேவியரான திருமலாதேவியும் சின்னாதேவியும் கைகூப்பி நிற்கும் செப்புப் படிமங்கள் திருமலைக் கோயிலில் நிறுவப்பட்டன. இங்கே உயரமான குல்லாய் அணிந்திருப்பவர் அரசர். அரசியருக்குத் தலையணியே இல்லை. கூந்தலை வாரி முடிந்த கொண்டைதான் அணி. அங்கே மறைப்பது கண்ணியம், இங்கே முடிவது கண்ணியம்.

கொண்டை என்றதும் நம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் நினைவுக்கு வரவேண்டும். அங்கே ஆண்டாளின் ஒருபுறம் சாய்ந்த கொண்டை தமிழ்நாடெங்கும் பேர்பெற்றது. இறைவனுக்கென்று கட்டிய மாலையை ஆண்டாள் தான் சூடிப்பார்த்தாள். மாலையில் ஒரு முடி சிக்கியிருக்கக் கண்டு தந்தையார் பதறிப்போனார். பிறகு அந்த மாலையையே இறைவன் கேட்டு வாங்கினான் என்பது கதை. நம் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில், கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில், கூந்தல் அவிழ்ந்த ஒருத்தி இருக்கிறாள். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்த கண்ணகி அந்த மலைக்கே வந்து சேர்ந்தாள் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. சித்திரை முழுநிலவன்று சனம் திரண்டு மலையேறுகிறது. சென்னைக் கடற்கரையில் 1968-இல் அவளுக்குச் சிலை வைத்தபோதும் விரிந்த கூந்தலோடும் கையில் சிலம்போடுமே வைத்தார்கள். 2001-இல் அச்சிலை அகற்றப்பட்டு 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடிசூட்டு விழாவன்று எலிசபெத் அரசியார் கூந்தலை அவிழ்த்துத் தோளில் படரவிட்டிருப்பதாகத்தான் படம் இருக்கிறது. அது அங்கே கன்னிமையின் அடையாளம், மங்கலம். நம் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் எந்தப் பெண்ணாவது அப்படித் தலையை விரித்துப்போட்டு வாசலில் நிற்கட்டும் பார்க்கலாம்! “என்னடி இது தலைவிரி கோலம்?” என்று அப்பத்தா துடைப்பத்தைத் தேடமாட்டாரா? நமக்கு அவிழ்ந்த கூந்தல் துக்கம். அல்லது கண்ணகியின் கோபம்.

மதுரைக்குச் சொந்தமான இன்னொரு கூந்தல் வழக்கும் உண்டு. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று பாண்டியனுக்கு ஐயம் வந்ததும், ஆயிரம் பொன் கட்டித் தொங்கவிட்டதும், தருமிக்காக இறைவனே வந்து நக்கீரரோடு வாதிட்டதும் திருவிளையாடற் கதை. நெற்றிக்கண் திறந்தபோதும் நக்கீரர் அஞ்சவில்லை என்பதைப் பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் முழங்குவார்கள். முழங்கட்டும். ஆனால் அத்தனை வாதத்திலும், கூந்தலுக்குச் சொந்தக்காரியான அரசியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? “அம்மா, நீங்கள் தலைக்கு என்ன தேய்த்தீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும்.

நம் காலத்து அழகு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சுவரிலிருந்து. இரவிவர்மா 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றது, ஒரு நாயர் பெண் தன் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்ளும் ஓவியத்துக்கு. பிறகு அவர் அச்சகம் நிறுவிப் படங்களை வீடுதோறும் சேர்த்தார். அவர் வழியில் கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாய் நம் அடுப்படி வரை வந்தன. இளஞ்சிவப்பு முகம், இடைவரை இறங்கும் கருங்கூந்தல். இந்த அச்சில் வார்க்காத பெண்ணெல்லாம் ஏதோ குறையுள்ளவள் என்று நாமறியாமலே நினைக்கப் பழகிவிட்டோம்.

ஆனால் அதே சிவகாசி அச்சில் வரும் நம் மாதா படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேல்நாட்டு ஓவியரைப் பார்த்து எழுதிய படங்கள் அவை. முக்காட்டின் ஓரத்தில் தெரியும் முடி என்ன நிறம்? பழுப்பும் பொன்னும் கலந்த நிறம். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், மாதாவுக்கே செம்பட்டை! வீட்டுக்கு வீடு மெழுகுவர்த்தி ஏற்றி வணங்குகிறோம், ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையில் நாசரேத்தூர்ப் பெண்ணொருத்தியின் முடி பெரும்பாலும் கருமையாகவே இருந்திருக்கும். ஆங்காங்கே உள்ளவர்கள் அவ்வன்னையைத் தங்கள் சாயலில் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. எட்டாம் ஹென்றி இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், 1531-இல், மெக்சிகோ நாட்டுக் குவாதலூப்பேயில் தோன்றிய அன்னையின் படத்தில் கருங்கூந்தலும் மாநிறமும். வேளாங்கண்ணியில் அன்னைக்குச் சேலை. கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவின் சுரூபத்தை, தமிழ்ப் பெண்ணைப்போல் சேலையோடு, வீரமாமுனிவர் மணிலாவிலிருந்து செய்வித்து வரவழைத்தார் என்பது அத்திருத்தலத்தார் சொல்லும் வரலாறு.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பட்டை எதனால் வருகிறது? முடிக்குள் இருவகை நிறப்பொருள்கள் உண்டு. ஒன்று கருமை தருவது, மற்றது செம்மை தருவது. சிலருக்குப் பிறவியிலேயே கருமை குறைவு. அது ஒரு குறையே அல்ல. வெயிலும் கருமையை வெளிறச் செய்யும். விடுமுறை நாட்களில் தாயோடு மல்லிகைத் தோட்டத்திலும் இலவங்காட்டிலும் நிற்கிற பிள்ளையின் முடி, மின்விசிறிக்கடியில் இருக்கிற பிள்ளையின் முடிபோல் இராது. மூன்றாவது காரணந்தான் கவலைக்குரியது: புரதச்சத்துக் குறைவு. 1930-களில் ஆப்பிரிக்கப் பொற்கரை நாட்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் குழந்தைகளிடம் ஒரு நோயைக் கண்டு எழுதினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நின்றுபோய், வெறும் மாவுக் கஞ்சியில் வளரும் பிள்ளைக்கு வருவது. உடம்பு வீங்கும், தோல் உரியும், முடி மெலிந்து செம்பட்டையாகும். பிள்ளை மெலிந்து சோர்ந்திருந்து, கறுப்பாயிருந்த முடி இடையில் நிறம் மாறினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். முட்டை, பயறு, நிலக்கடலை கொடுங்கள். சத்துணவில் முட்டை போடுவது இதற்காகத்தான்.

இதை விட்டுவிட்டு, ஆண்டு விழாவுக்கு முதல்நாள் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் சாயப் பொட்டலத்தைக் கரைத்துப் பூசி அனுப்பும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஊர் சிரிக்கக்கூடாது என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் அந்தச் சாயங்களில் பலவற்றில் பாராபினைலின் டயமின் என்ற பொருள் இருக்கிறது. ஒவ்வாத உடம்பில் முகம் வீங்கி, தலைத்தோல் புண்ணாகிவிடும். எலிசபெத் காலத்து ஈயச் சுண்ணத்துக்கு நம் காலத்துத் தங்கை அது.

இவ்வளவும் எழுதிய பின் நம் குற்றத்தையும் எழுதிவிடுவதே முறை. கிறிஸ்து பிறப்பு நாடகத்தைப் பழக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. மாதா வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க நாம் கண்டுபிடித்த வழி மிகவும் சுலபமானது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவோம். சிவந்த முகமும் நீண்ட கருஞ்சடையும் எவளுக்கோ அவளே மாதா. குரல் எடுபடுமா, வசனம் வருமா என்பதெல்லாம் பிறகு. ஓராண்டு மாதா மேடையில் வசனத்தை மறந்துபோய், கபிரியேல் சம்மனசு இரண்டு பேர் வசனத்தையும் தானே சொல்லி முடித்தது முன்னாள் மாணவியருக்கு நினைவிருக்கும். செம்பட்டை முடிக்காரிகளும் சுருட்டை முடிக்காரிகளும் இடையர்களானார்கள். இன்னும் கறுத்த பிள்ளைகள் சத்திரக்காரர்கள். சிலர் ஆடுகள். எவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லத் தோன்றாதபடி நாமே அவர்களைப் பழக்கியிருந்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. எலிசபெத் அரசியின் படங்களைத் தணிக்கை செய்த அரசவைக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இவ்வாண்டு தலைமைச் சகோதரியிடம் பேசி, வேடம் வேண்டுவோர் யாராயினும் பெயர் கொடுக்கலாம், வசனத்தை ஒப்பிக்கக் கேட்டே தேர்வு நடக்கும் என்று பலகையில் எழுதிப் போட்டோம். மலர் அச்சுக்குப் போகும் இந்த நாளில் ஒத்திகை இன்னும் தொடங்கவில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது நாடகம் முடிந்திருக்கும். மாதா வேடத்துக்கு மட்டும் பதினொரு பெயர்கள் வந்திருக்கின்றன. கடைசியாக வந்தவள் அந்த ஆறாம் வகுப்பு இரண்டாம் பெஞ்சுக்காரி. ஆசிரியர் அறை வாசலில் வெகுநேரம் நின்றாள். பெயரை எழுதிக்கொண்டோம். போகாமல் இன்னும் நின்றாள். என்னவென்று கேட்டதற்கு, மெதுவாகக் கேட்டாள்:

“டீச்சர், மாதா நாடகம் முடியுற வரைக்கும் முக்காடு போட்டுத்தானே இருப்பாங்க?”

“ஆமாம்” என்றோம்.

“அப்பச் சரி” என்று ஓடிவிட்டாள்.